லண்டன்ல காசில்லாம குடும்பத்தோட போகக்கூடிய சின்ன மியூசியங்கள்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

ஹாஃப் டெர்ம் (ஸ்கூல் டெர்ம் நடுவுல வர்ற லீவு) நெருங்குச்சுன்னா நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே பேச்சுதான், பசங்கள எங்க கூட்டிட்டுப் போறது, செலவு ஆகக்கூடாது, மழை பேஞ்சாலும் ஒதுங்க இடம் இருக்கணும். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், கிராய்டன்னு நம்ம குடும்பங்க இருக்குற ஏரியாவுக்குப் பக்கத்துலயே ஃப்ரீ மியூசியம் இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு இங்க பதில் போட்டிருக்கேன்.

நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமே ஃப்ரீதானே, அப்புறம் எதுக்கு இந்த குட்டி மியூசியம் எல்லாம்?

போங்க, வேணாம்னு சொல்லல, டைனோசர் பாக்காம எந்தக் குழந்தையும் லண்டன்ல வளர முடியாது. ஆனா லீவு நாள்ல சவுத் கென்சிங்டன் போனா ஸ்டேஷன் சப்வேலயே கூட்டம் ஆரம்பிச்சிடும், உள்ள போக ஒரு க்யூ, பாத்ரூமுக்கு ஒரு க்யூ, சாண்ட்விச்சுக்கு ஒரு க்யூ, கடைசில ஒரு பொருளையும் உருப்படியா நின்னு பாத்திருக்க மாட்டீங்க. கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) நடத்துற சின்ன மியூசியத்துல அந்தத் தொல்லை கெடையாது, ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல முழுசா பாத்துடலாம், அங்க வேலை பாக்குறவங்களுக்குப் பேச நேரம் இருக்கும், பையன் ஒரே பொருள் முன்னாடி பத்து நிமிஷம் நின்னாலும் பின்னாடிலேர்ந்து யாரும் தள்ள மாட்டாங்க. பெரும்பாலும் ஒரு பார்க்குக்குள்ளதான் இருக்கும், அதனால பாத்து முடிச்சதும் ஓட விட்டுடலாம். இன்னொண்ணு, நாம குடியிருக்குற தெரு இருநூறு வருஷம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சவுத் கென்சிங்டன்ல யாரும் சொல்லப் போறதில்ல. பசங்க பொறந்து வளர்ற ஊர் இது, அத நாமளும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கலாமே.

நெஜமாவே ஃப்ரீயா? உள்ள போனதும் காசு கேப்பாங்களா?

கீழ சொல்ற எல்லா இடத்துலயும் உள்ள போக காசு கெடையாது. வாசல்ல ஒரு டொனேஷன் பெட்டியோ கார்டு தட்டுற மெஷினோ இருக்கும், அதுல அஞ்சு பவுண்டுன்னு போட்டிருக்கும், அது உங்க இஷ்டம், போடலன்னா யாரும் மொறைக்க மாட்டாங்க. காசு போறது வேற வழியில: ஸ்பெஷல் எக்ஸிபிஷன், கேஃபே, கடை, கார் பார்க்கிங். ஃபாரஸ்ட் ஹில்ல இருக்குற ஹார்னிமன் மியூசியத்தையே எடுத்துக்கோங்க, மியூசியமும் தோட்டமும் ஃப்ரீ, ஆனா மீன் அக்வேரியத்துக்கும் பட்டாம்பூச்சி வீட்டுக்கும் டிக்கெட் உண்டு. இத வாசல்லயே பசங்களுக்குச் சொல்லிடுங்க, உள்ள போனப்புறம் சொன்னீங்கன்னா அழுகைதான். ஹெண்டன் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியமும் ஃப்ரீதான், பார்க்கிங்குக்கு மட்டும் காசு, அதனால காலின்டேல் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடுங்க.

எப்படி இவங்களுக்கு கட்டுபடியாகுது?

பெரிய தேசிய மியூசியங்கள்ல கட்டணம் இருந்த காலமும் உண்டு, 2001 டிசம்பர்லதான் அத முழுசா எடுத்தாங்க, கவர்மென்ட் மானியம் குடுக்குது. சின்ன லோக்கல் மியூசியம் கவுன்சில் பணத்துல ஓடுது, அதாவது மாசாமாசம் நாம கட்டுற கவுன்சில் டாக்ஸ்ல. ஏற்கனவே கட்டியாச்சு, போகாம இருந்தா நமக்குத்தான் நஷ்டம். கவுன்சில்களுக்கு இப்ப பணக்கஷ்டம் வேற, தொறக்குற நாளையும் நேரத்தையும் கொறைச்சிட்டே வர்றாங்க, கூட்டம் வந்தாத்தான் இதுக்கு ஒதுக்குற காசு நிக்கும்.

ஹாரோ, வெம்ப்ளி பக்கம் என்ன இருக்கு?

மொதல்ல ஹெட்ஸ்டோன் மேனர். ஹாரோல பத்து வருஷம் குடியிருந்தவங்களுக்கே தெரியாத இடம். ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷன்லேர்ந்து நடந்து போற தூரம்தான். 1310 வாக்குல கட்ட ஆரம்பிச்ச மரச்சட்ட வீடு, சுத்தி அகழி, அதுல இன்னமும் தண்ணி இருக்கு, வாத்து நீந்துது. கேன்டர்பரி ஆர்ச்பிஷப்புங்க கையில இருந்த வீட்ட 1546ல எட்டாம் ஹென்றி தன் கைக்குள்ள கொண்டு வந்தாரு. பக்கத்துல 1506ல கட்டின பெரிய தானியக் களஞ்சியம் நிக்குது, உள்ள போயி தலைய தூக்கி கூரைய பாருங்க, ஐநூறு வருஷத்து ஓக் மரம், ஒண்ணோட ஒண்ணு கோத்த உத்தரம். சிவில் இன்ஜினியரிங் படிச்ச அப்பாக்கள் யாராவது கூட வந்தா அங்கேயே நின்னுடுவாங்க, பசங்கதான் இழுத்துட்டு வரணும். பெரிய ரிப்பேர் வேலையெல்லாம் முடிச்சு 2017 கடைசில மறுபடி தொறந்தாங்க, அதனால எல்லாமே பளிச்சுன்னு இருக்கும். அகழி மேல பாலத்த தாண்டி வீட்டுக்குள்ள போறதே சின்னப் பசங்களுக்கு கோட்டைக்குள்ள போற மாதிரி.

வெம்ப்ளிக்காரங்களுக்கு வில்ஸ்டென் க்ரீன் லைப்ரரி கட்டடத்துக்குள்ளயே பிரென்ட் மியூசியம் இருக்கு. சின்னதுதான், அதுக்குன்னே தூரத்துலேர்ந்து கெளம்பி வர்ற அளவுக்கு இல்ல, ஆனா லைப்ரரிக்குப் போற அன்னிக்கு சேத்துப் பாத்துடலாம். வெம்ப்ளில 1924, 25ல பிரிட்டிஷ் எம்பயர் எக்ஸிபிஷன்னு ஒண்ணு பெருசா நடந்துச்சு, பழைய ஸ்டேடியத்த கட்டினதே அதுக்காகத்தான், இந்தியாவுக்கும் சிலோனுக்கும் அங்க தனித்தனி மண்டபம் போட்டிருந்தாங்க. நாம ஈலிங் ரோட்ல முருங்கைக்கா வாங்குற ஊர்ல நம்மள அப்ப காட்சிக்கு வெச்சிருந்தாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொன்னா கேள்வி மேல கேள்வி வரும், வரட்டும்.

ஹேய்ஸ், சவுத்ஹால், ஈலிங் பக்கம்னா கன்னர்ஸ்பரி பார்க். ஆக்டன் டவுன் ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச தூரம். ராத்சைல்டு குடும்பத்து மாளிகைதான் இப்ப மியூசியம், குதிர வண்டி, பழைய சமையல்கட்டு, சுத்தி பெரிய பார்க். வெயில் காலத்துல போனா மியூசியத்த ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு மிச்ச நாள் பூரா புல்வெளிதான்.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், பார்க்கிங் (Barking) ஊர் பக்கம்?

டேகன்ஹாம்ல வேலன்ஸ் ஹவுஸ். சுத்திலும் கவுன்சில் வீடுங்க, நடுவுல திடீர்னு ஒரு பழைய மாளிகை, தோட்டம். அங்க அவசியம் பாக்க வேண்டியது ஒரு மரப்பொம்மை, டேகன்ஹாம் ஐடல்னு பேரு. ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும், கை கெடையாது, ரெண்டு கண்ணும் ஒரே அளவு இல்ல, மூஞ்சி என்னமோ நம்மளையே மொறைக்கும். 1922ல குழாய் பதிக்க சதுப்பு மண்ணத் தோண்டுனப்ப கெடைச்சது, வயசு 4000 வருஷத்துக்கு மேல. பைன் மரத்துல செஞ்சது, சாதாரண மண்ணா இருந்தா எப்பவோ மக்கிப் போயிருக்கும், காத்துப் படாத சேத்துக்குள்ள கெடந்ததாலதான் தப்பிச்சிருக்கு. கொல்செஸ்டர் மியூசியத்துக்குச் சொந்தமான பொருள், நீண்ட காலக் கடனா டேகன்ஹாமுக்கே திரும்பி வந்திருக்கு. பெரிய மியூசியத்துல இருந்திருந்தா நூறு பேரு தலைக்கு நடுவுல எட்டிப் பாக்கணும், இங்க நீங்களும் அதுவும்தான்.

இல்ஃபோர்ட்ல சென்ட்ரல் லைப்ரரிக்கு மேல ரெட்பிரிட்ஜ் மியூசியம். 2023ல புதுசா மாத்தி தொறந்திருக்காங்க, அந்த ஏரியாவோட ரெண்டு லட்சம் வருஷக் கதை. இல்ஃபோர்ட்ல யானை மாதிரி மாமூத் சுத்திட்டு இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா 1864ல அங்க மண்ணுக்குள்ளேர்ந்து முழு மண்டை ஓடு தந்தத்தோட கெடைச்சிருக்கு, அசல் இப்ப நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் வசம் இருக்கு. இல்ஃபோர்ட் லேன்ல மசால் தோசை சாப்பிட்டு வர்றப்ப இந்த எடத்துல மாமூத் மேஞ்சிருக்கும்னு சொல்லிப் பாருங்க.

கேனரி வார்ஃப் பக்கத்துல லண்டன் மியூசியம் டாக்லண்ட்ஸ், இது கொஞ்சம் பெரிசு, ஆனா கூட்டம் கம்மி. 1802ல சர்க்கரை மூட்டை அடுக்க கட்டின கிடங்குதான் கட்டடம். பழைய துறைமுகத் தெரு ஒண்ண இருட்டா, மங்கல் வெளிச்சத்தோட அப்படியே செஞ்சு வெச்சிருக்காங்க, பசங்க அங்க ஒளிஞ்சு வெளையாடுவாங்க. அந்தச் சர்க்கரை எப்படி வந்துச்சு, எந்த அடிமைங்க முதுகுல சவுக்கடி விழுந்து வந்துச்சுன்னு ஒரு தனி கேலரியே இருக்கு. பத்து வயசுக்கு மேல இருந்தா கூட நின்னு படிங்க, சின்னதுங்களா இருந்தா ஒருத்தர் பசங்கள பாத்துக்கிட்டு இன்னொருத்தர் கேலரிய பாக்குற மாதிரி மாத்தி மாத்திப் போங்க.

வால்தம்ஸ்டோ, டாட்டன்ஹாம்?

வால்தம்ஸ்டோன்னா வில்லியம் மோரிஸ் கேலரி. டிசைன், துணி, வால்பேப்பர் மேட்டர்னு கேட்டதும் பசங்களுக்கு போர் அடிக்கும்னு நெனைப்பீங்க. எனக்கு லண்டன்லயே ரொம்பப் பிடிச்ச சின்ன மியூசியம் இது. டிசைனர் வில்லியம் மோரிஸ் இளவயசுல, 1848லேர்ந்து 1856 வரைக்கும், குடும்பத்தோட குடியிருந்த வீடு. அங்க ஸ்ட்ராபெர்ரி தீஃப்னு 1883ல போட்ட ஒரு துணி டிசைன் இருக்கு, தோட்டத்துல ஸ்ட்ராபெர்ரிய திருடித் திங்குற குருவிங்க, மோரிஸ் தன் கிராமத்து வீட்ல நெஜமா பாத்ததுதான். கிட்டப் போயி அந்த நீலத்த பாருங்க. அது அவுரி. நம்மூர்ல திண்டிவனம் பக்கம் வெளையுற அதே செடிச் சாயம். துணி முழுசையும் மொதல்ல நீலத்துல முக்கி எடுத்துடுவாங்க, அப்புறம் டிசைன் வர வேண்டிய எடத்துல மட்டும் ப்ளீச் வெச்சு நீலத்த எடுத்து வெள்ளையாக்கி, அதுக்கு மேல சிவப்பும் மஞ்சளும் அச்சு வெப்பாங்க. ஒவ்வொரு நெறத்துக்கும் தனி மர அச்சு, ஒண்ணு காயணும், அடுத்தது வெக்கணும், நாள்கணக்கா ஆகும். மெட்ராஸ் பக்கம் கலம்காரி, அச்சுத் துணி பாத்து வளர்ந்த பாட்டிங்க யாராவது கூட வந்தா கைடே தேவையில்ல. வெளிய வந்தா லாயிட் பார்க், வெளையாட்டு எடம், கேஃபே எல்லாம் உண்டு.

இந்தத் துணிய மோரிஸ் அச்சடிச்ச பட்டறை எங்கன்னு பாத்தா டூட்டிங்க்கு அடுத்த காலியர்ஸ் வுட், வான்டில் ஆத்தங்கரை மெர்ட்டன் ஆபி. இப்ப அதுக்குப் பக்கத்துல வீக்கெண்ட் மார்க்கெட் நடக்குது.

டாட்டன்ஹாம்ல ப்ரூஸ் காசில். பேர்ல காசில் இருந்தாலும் கோட்டை கெடையாது, பதினாறாம் நூற்றாண்டு மாளிகை. பென்னி போஸ்ட் கொண்டு வந்த ரோலண்ட் ஹில் இங்க ஸ்கூல் நடத்தினவரு, அதனால பழைய தபால் பொட்டி, தபால் சம்பந்தப்பட்ட பொருளெல்லாம் இருக்கும். 1840க்கு முன்னாடி லெட்டர் வாங்குறவங்கதான் காசு குடுக்கணும், தூரத்துக்குத் தகுந்த மாதிரி ரேட்டு, அத மாத்தி ஒரு பென்னி ஸ்டாம்ப் ஒட்டினா நாடு முழுக்க எங்க வேணா போகும்னு ஆக்கினாங்க. இன்லேண்ட் லெட்டருக்கு காத்திருந்த தலைமுறைக்கு இது புரியும், பசங்களுக்கு லெட்டர்னா என்னன்னு மொதல்ல வெளக்கணும். மதியத்துக்கு மேலதான் தொறப்பாங்க, காலைல போய் நிக்காதீங்க.

கிராய்டன், நார்வுட், டூட்டிங் பக்கம் இருக்கோம்?

வெஸ்ட் கிராய்டன்லேர்ந்து ஓவர்கிரவுண்ட் ட்ரெய்ன் புடிச்சா மாறாம ஃபாரஸ்ட் ஹில், அங்கேர்ந்து மேடு ஏறினா ஹார்னிமன். 1901ல தொறந்தது. ஃப்ரெடரிக் ஹார்னிமன்னு டீ வியாபாரி, உலகம் பூரா சுத்தி வாங்கிக் குமிச்ச சாமானெல்லாம் வீடு கொள்ளாம போக, மியூசியமாவே கட்டி மக்களுக்குக் குடுத்துட்டாரு. இங்க இருக்குற வால்ரஸ் (தந்தம் உள்ள பெரிய கடல் பிராணி) லண்டன்ல ஒரு பெரிய ஸ்டார். கனடாவுலேர்ந்து தோல் வந்தப்ப அத பஞ்சடைச்ச ஆளுங்க உசுரோட வால்ரஸ பாத்ததே கெடையாது, அதுக்குத் தோல் சுருக்கம் சுருக்கமா தொங்கும்னு தெரியாம, சுருக்கம் போற வரைக்கும் அடை அடைன்னு அடைச்சு உப்ப வெச்சுட்டாங்க. இப்பவும் ஒரு மடிப்பு கூட இல்லாம திமிங்கலக் குட்டி கணக்கா உக்காந்திருக்கும். அது இருக்குற கேலரிய 2024ல ரிப்பேருக்காக மூடினாங்க, அதனால வால்ரஸ்தான் முக்கியம்னா கெளம்புறதுக்கு முன்னாடி வெப்சைட் ஒருதடவ பாத்துடுங்க. வாத்திய கேலரில ஆயிரத்துக்கும் மேல இசைக்கருவி இருக்கு, தோட்டத்துல பசங்களே தட்டி வாசிக்கிற வாத்தியங்க தனியா உண்டு, அங்கேர்ந்து லண்டன் மொத்தமும் தெரியும். 2022ல பழைய பெனின் ராஜ்ஜியத்துலேர்ந்து (அந்த எடம் இப்ப நைஜீரியாவுல இருக்கு) கொள்ளையடிச்சு வந்த 72 பொருளோட உரிமைய நைஜீரியாவுக்கே திருப்பிக் குடுத்தாங்க, நம்ம சிலையெல்லாம் எப்பன்னு கேக்குற பெரியவங்களுக்கு இந்தத் தகவல் உபயோகப்படும்.

சனிக்கிழமை தமிழ் ஸ்கூல், பரதநாட்டியம் க்ளாஸ்னு போயிடுது. ஞாயித்துக்கிழமை எது தொறந்திருக்கும்?

ஹெட்ஸ்டோன், கன்னர்ஸ்பரி, வில்லியம் மோரிஸ், ப்ரூஸ் காசில், ஹார்னிமன், ஹாக்ஸ்டன்ல இருக்குற மியூசியம் ஆஃப் த ஹோம், டாக்லண்ட்ஸ், ஹெண்டன் ஏர் ஃபோர்ஸ் மியூசியம், இதெல்லாம் ஞாயிறு உண்டு. வேலன்ஸ் ஹவுஸ், யுசிஎல் காலேஜுக்குள்ள இருக்குற கிராண்ட் மியூசியம், பீட்ரி மியூசியம், இந்த மூணுக்கும் ஞாயிறு லீவு. திங்கக்கிழமை பெரும்பாலான சின்ன மியூசியம் மூடிடும், பேங்க் ஹாலிடே (அரசு விடுமுறை) திங்கள்ல கெளம்பி ஏமாறுறவங்க நெறைய.

கைக்குழந்தையும் மூணு வயசும் இருக்கு, சரிப்படுமா?

டாக்லண்ட்ஸ்ல மட்லார்க்ஸ்னு எட்டு வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குத் தனி வெளையாட்டு ஏரியா இருக்கு, ஃப்ரீதான், ஆனா நேரம் போட்ட டிக்கெட் எடுத்துக்கணும், லீவு நாள்ல சீக்கிரம் தீர்ந்துடும். ஹார்னிமன் தோட்டத்துல ஆடு, அல்பாகா எல்லாம் பாக்கலாம், அதுவும் ஃப்ரீ. பழைய வீடுகள்ல ஏணிப்படி குறுகலா இருக்கும், பிராம கீழ விட்டுட்டு ஸ்லிங்ல போட்டுக்கிட்டா நிம்மதி. ஹோல்பர்ன்ல சர் ஜான் சோன் மியூசியம் ரொம்ப அழகு, ஃப்ரீயும்கூட, ஆனா எங்க திரும்புனாலும் கை பட்டா ஒடையுற மாதிரி சாமான், மூணு வயசோட அங்க போறது உங்க நெஞ்சுக்கு நல்லதில்ல.

பதிமூணு வயசுப் பையன், எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேங்குறான்.

கிராண்ட் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, யூஸ்டன் ஸ்கொயர் ஸ்டேஷன் கிட்ட, மிருகங்க எலும்புக்கூடு, பாட்டில்ல ஊற வெச்ச மூளை, ஒரே ஒரு ரூம். ஒரு கண்ணாடி ஜாடி நெறைய மூஞ்செலி மாதிரி மோல்ங்கற பிராணிய அடைச்சு வெச்சிருக்காங்க, மொத்தம் 18, அந்த ஜாடிக்குன்னே ரசிகர் கூட்டம் இருக்கு. அழிஞ்சு போன க்வாகான்னு ஒரு வரிக்குதிர ஜாதி, அதோட எலும்புக்கூடு உலகத்துலயே ஏழுதான் மிச்சம், அதுல ஒண்ணு இங்க. சுவரு பூரா மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒட்டி பின்னாடி லைட்டு போட்ட குட்டி அறை ஒண்ணு, இன்ஸ்டால போட போட்டோ எடுக்கணும்னாவது வருவான்.

அதே காலேஜ் வளாகத்துல அஞ்சு நிமிஷ நடையில பீட்ரி மியூசியம், எகிப்து சாமான். அங்க தர்க்கான் ட்ரெஸ்னு ஒரு லினன் சட்டை இருக்கு, 5000 வருஷத்துக்கு மேல பழசு, நெய்ஞ்ச துணில உலகத்துலயே ரொம்பப் பழைய உடுப்பு. 1913ல தோண்டி எடுத்து, அழுக்குத் துணி மூட்டையோட மூட்டையா அறுபது வருஷத்துக்கு மேல யாரும் பிரிச்சே பாக்காம கெடந்திருக்கு, 1977ல துணிய சுத்தம் பண்ண எடுத்தப்பதான் சட்டைன்னே தெரிஞ்சுது. தோள்பட்டை கிட்ட சின்னச் சின்னதா மடிப்பு தெச்சிருக்கும், முழங்கை மடங்குற எடத்துலயும் அக்குள்லயும் கசங்கின தடம் இன்னமும் தெரியும். யாரோ போட்டுக் கழட்டின சட்டை அது. பெரிய பசங்க இதுக்கு அசந்துடுவாங்க, சின்னதுங்களுக்கு அது வெறும் பழைய துணி.

ஏரோப்ளேன் பைத்தியமா இருந்தா ஹெண்டன். அங்க ஒரு லான்காஸ்டர் குண்டு விமானம், 137 தடவ சண்டைக்குப் பறந்து திரும்பினது. பறந்த கணக்க மூக்குக்குப் பக்கத்துல குண்டு குண்டா வரிசையா வரைஞ்சிருப்பாங்க, பசங்க எண்ண ஆரம்பிச்சா உங்களுக்கு ஒரு டீ குடிக்க நேரம் கெடைக்கும்.

தங்கக் கட்டிய கையில தூக்கலாம்னு சொன்னாங்களே, அது எங்க?

பேங்க் ஆஃப் இங்கிலாண்ட் மியூசியம், பேங்க் ஸ்டேஷன்ல எறங்கினா பக்கம். கண்ணாடிப் பொட்டில ஓட்டை வழியா கைய விட்டு நெஜத் தங்கக் கட்டிய தூக்கிப் பாக்கலாம், கிட்டத்தட்ட 13 கிலோ, நம்ம கணக்குல 1600 சவரன். ஒத்தக் கையில தூக்குறது கஷ்டம், வெளிய எடுக்கவும் முடியாது, அத்தைமார், சித்திமார் எல்லாம் ஆளுக்கு ரெண்டு தடவ வரிசைல நிக்குற ஒரே மியூசியம் இதுதான். வார நாள்ல மட்டும்தான் தொறக்கும், அதனால ஸ்கூல் லீவுல தான் முடியும். பேங்க் ஹாலிடேக்கு பேங்க் மியூசியம் மூடியிருக்கும், நியாயந்தானே.

ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, முட்டி வலி, இங்கிலீஷும் அவ்ளோ வராது.

மியூசியம் ஆஃப் த ஹோம் நல்ல சாய்ஸ், ஹாக்ஸ்டன் ஸ்டேஷனுக்கு எதிர்லயே வாசல், நடை கம்மி. 1714ல கட்டின ஏழைங்க விடுதி. உள்ள 1630லேர்ந்து ஒவ்வொரு காலத்து வீட்டு ஹாலும் எப்படி இருந்துச்சுன்னு வரிசையா செட் பண்ணி வெச்சிருக்காங்க, படிக்கவே வேணாம், பாத்தாலே புரியும். 1970கள் ஹால்ல க்ரோஷா விரிப்பு, ரேடியோகிராம், பூ போட்ட வால்பேப்பர், நம்ம பெரியவங்க இதேதான் எங்க வீட்லயும்னு கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, பேரப்பசங்களுக்கு அதுதான் கைடட் டூர். விக்டோரியா காலத்து வீட்டு அறையில இந்தியாவுலேர்ந்து கூட்டிட்டு வந்த ஆயாவோட வாழ்க்கையையும் காட்டியிருக்காங்க. வெள்ளைக்காரக் குடும்பங்க கப்பல்ல குழந்தைய பாத்துக்க ஆயாவக் கூட்டி வந்துட்டு, இங்க எறங்கினதும் சிலர் நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிருக்காங்க, அப்படிப்பட்டவங்க தங்க ஹாக்னில ஒரு விடுதி இருந்துச்சு, அந்த வீட்டுக்கு 2022ல நீலப் பலகை வெச்சாங்க.

முட்டி வலிக்காரங்களுக்கு ஹார்னிமன் மேட்ட நடக்க வெக்காதீங்க, வாசல்லயே நிக்குற 176, 185 பஸ் இருக்கு.

சாப்பாடு கொண்டு போகலாமா?

கேலரிக்குள்ள கூடாது, தோட்டத்துலயும் பார்க்லயும் தாராளமா. கேஃபேல நாலு பேரு சாப்பிட்டா ஃப்ரீ மியூசியம்ங்கற பேச்சுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், சப்பாத்தி ரோல்னு சிந்தாத சாமானா எடுத்துக்கோங்க, தயிர்சாதத்துக்கு ஸ்பூன் மறக்காதீங்க. மழையா இருந்தா ஒக்காந்து சாப்பிட எடம் உண்டான்னு ரிசப்ஷன்ல கேளுங்க, ஸ்கூல் பசங்களுக்குன்னு வெச்சிருக்குற ரூம லீவு நாள்ல சில இடத்துல தொறந்து விடுவாங்க.

முன்கூட்டி புக் பண்ணணுமா?

சின்ன இடங்களுக்குத் தேவையில்ல. பசங்களுக்கான க்ராஃப்ட், கதை சொல்ற நிகழ்ச்சி இருந்தா மட்டும் புக் பண்ணுங்க. பத்துப் பதினஞ்சு பேரா போறீங்கன்னா ஒரு மெயில் தட்டி விடுங்க.

போய்வர செலவு?

11 வயசுக்குக் கீழ இருக்குற பசங்க பெரியவங்களோட போனா டியூப், ஓவர்கிரவுண்ட், டிஎல்ஆர் (டாக்லண்ட்ஸ் பக்கம் ஓடுற ரயில்) எல்லாம் ஃப்ரீ, ஒரு பெரியவருக்கு நாலு பசங்க வரைக்கும். 11லேர்ந்து 15 வயசுக்கு ஜிப் ஆய்ஸ்டர் (பசங்களுக்கான பயணக் கார்டு) இருந்தா பஸ் ஃப்ரீ. பஸ்ல பெரியவங்களுக்கும் ஒரு தடவ தட்டினா ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் மாறினாலும் ஒரே காசு. அதனால ரெண்டு பஸ் மாறிப் போனாலும் பரவால்ல, காரத் தொடாதீங்க, லண்டன்ல பார்க்கிங் தேடுறதுக்குள்ள பசங்க தூங்கிடும்.

பசங்க பத்து நிமிஷத்துலயே போர்னு சொன்னா என்ன பண்றது?

பலகைய ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டுறத நிறுத்துங்க, பாதி போர் அதனாலதான். ரிசப்ஷன்ல ட்ரெயில் ஷீட் இருக்கான்னு கேளுங்க, தேடிக் கண்டுபுடிக்கிற வெளையாட்டு, பென்சிலோட தருவாங்க. இல்லன்னா நீங்களே பந்தயம் கட்டுங்க, இந்த ரூம்லயே அசிங்கமான சாமான் எது, வீட்டுக்கு ஒண்ணு தூக்கிட்டுப் போலாம்னா எது, எதுக்கு உபயோகப்படுத்தியிருப்பாங்க. அதுக்கப்புறமும் போர்னா வெளிய வந்துடுங்க, டிக்கெட் காசு குடுக்கலியே, காசு வீணாச்சேன்னு இழுத்துப் புடிச்சு வெக்க வேண்டியதில்ல.

போட்டோ எடுக்கலாமா?

ஃப்ளாஷ் இல்லாம பெரும்பாலும் எடுக்கலாம். கூடாதுன்னு படம் போட்டிருந்தா விட்டுடுங்க.

வாசல்ல இருக்குற கடைய எப்படித் தாண்டுறது?

அதுக்கு இன்னும் யாரும் வழி கண்டுபுடிக்கல. ஆளுக்கு ஒரு பவுண்டு சில்லறையா பசங்க கையிலயே குடுத்துடுங்க, அதுக்குள்ள என்ன வருதோ வாங்கிக்கட்டும், ஒரு பென்சிலோ போஸ்ட் கார்டோ வரும். போஸ்ட் கார்டு வாங்கினா ஊர்ல இருக்குற தாத்தா பாட்டிக்கு அன்னிக்கே எழுதிப் போட வெச்சுடுங்க, ஸ்டாம்ப் காசுதான் ஒரு பவுண்ட விட அதிகம்.